தேனீ கொட்டினால்...
(மூன்றாம் ஆண்டு இளங்கலை விலங்கியல் மாணவர் ஒருவர்)

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் நான்காம் நாள். கண்மாய்க் கரையில் மண்டிக் கிடந்த சீமைக் கருவேலை வெட்டிக்கொண்டிருந்தோம். கரையோரத்து மருத மரத்தின் உச்சிக் கிளையில் முறம் அகலத்துக்கு ஒரு தேன்கூடு தொங்கியதை எல்லாரும்தான் பார்த்தோம். பார்த்தும் பொருட்படுத்தவில்லை. வெட்டிய முள்ளைக் குவித்து அம்மரத்திற்குச் சற்றுத் தள்ளித் தீ வைத்தோம். காற்று திசை மாறிப் புகை மேலே போயிற்று. அதன்பின் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல வேளையாகக் கொட்டு வாங்கியவர்கள் இருவர் மட்டுமே. ஒருவர் பொருளாதாரத் துறை நண்பர். முகத்திலும் கையிலுமாக 11 கொட்டுகள். மற்றவர் இயற்பியல் துறை நண்பர். அவருக்குப் பிடரியில் ஒன்றே ஒன்று. பதினொன்று வாங்கியவர் போட்ட கூச்சலில் நாங்கள் அத்தனை பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டோம். ஊர்ப் பாட்டி ஒருவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, “சுண்ணாம்பத் தடவுங்கப்பா, வெசத்த முறிச்சிரும்” என்றார். ஒருவர் மண்ணெண்ணெய் தேடிப் போனார். ஒருவர் அரிவாளின் இரும்பைத் தேய்க்கச் சொன்னார். இயற்பியல் நண்பரோ வேப்ப மரத்தடியில் தனியே உட்கார்ந்து கையைச் சொறிந்துகொண்டிருந்தார். “டேய், உள்ளங்கை ரெண்டும் அரிக்குதுடா” என்று இரண்டு முறை சொன்னார். “சும்மா இருடா, இங்க இவனப் பாரு” என்று நான்தான் அதட்டினேன். சில நிமிடங்களில் அவர் குரல் கம்மியது. முகம் வெளிறியது. அப்படியே சாய்ந்துவிட்டார்.

அவர் பிழைத்தார். அருகிலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருந்ததும், அங்கிருந்த மருத்துவர் அவரைக் கண்ட மாத்திரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அறிந்திருந்ததும்தான் காரணம். தேனீயின் கொடுக்கைப் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தகட்டில் பதித்து, படம் வரைந்து, பாகம் குறித்துச் செய்முறைத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஆயினும் அன்று யாரைப் பார்க்க வேண்டுமோ அவரைப் பார்க்காமல் வேறொருவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகாம் முடிந்து வந்தபின் துறைப் பேராசிரியர்களிடமும், அந்த மருத்துவரிடமும், நூலகத்திலும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றையே இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

கொட்டுபவை எவை?

கொட்டியது எது என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. நம் பகுதியில் தேனீக்களில் ஐந்து வகைகளைக் காணலாம். மரத்தின் உயர்ந்த கிளை, பாறை விளிம்பு, கோயில் கோபுரம், தண்ணீர்த் தொட்டியின் அடிப்புறம் ஆகியவற்றில் ஒரே பெரிய அடையாகத் தொங்கவிட்டுக் கூடு கட்டுவது மலைத்தேனீ. உடலில் பெரியது, சினத்திலும் பெரியது. ஒரு கூட்டில் பல்லாயிரம் தேனீக்கள் அடையின்மேல் போர்வை போல் அப்பிக்கொண்டிருக்கும். மரப்பொந்தில் பல அடைகளாகக் கட்டுவது அடுக்குத் தேனீ. மார்த்தாண்டம் பகுதியில் பெட்டிகளில் வளர்த்தது காலங்காலமாக இதைத்தான். பெட்டித் தேனீ வளர்ப்பில் பின்னர் இத்தாலியத் தேனீயும் சேர்ந்துகொண்டது. புதர்க் கொம்பில் உள்ளங்கை அளவு அடை கட்டுவது கொம்புத் தேனீ. சுவர் இடுக்கில் பிசின் குழாய் போல வாசல் வைத்து வாழும் கொசுத்தேனீக்குக் கொட்டத் தெரியாது. அதன் கொடுக்கு பயனற்றுக் குறுகிப் போய்விட்டது. தொந்தரவு செய்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவே.

இவற்றோடு குளவிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பனை, தென்னை மரங்களில் பெரிய கூடு கட்டும் கதண்டு, அதாவது சில ஊர்களில் கடந்தை எனப்படுவது, குளவி இனத்தைச் சேர்ந்தது. தஞ்சை மாவட்டத்தார்க்கு அதன் பெயரைக் கேட்டாலே நடுக்கம் எடுக்கும். அவர்கள் நடுங்குவதில் பிழையில்லை.

தேனீ கொட்டியதா, குளவி கொட்டியதா என்பதைக் காயமே சொல்லும். தேனீ தன் கொடுக்கை நம் தோலிலேயே விட்டுச் செல்லும். சிறிய கருமுள் ஒன்றும் அதன் தலையில் வெண்மையான துணுக்கு ஒன்றும் தோலில் ஒட்டி நிற்கும். குளவியின் கொடுக்கில் பெரிய முட்கள் இல்லாமையால் அது குத்தி, உருவி, மறுபடியும் குத்தும். ஆகவே தோலில் எதுவும் இராது.

கொடுக்கின் வேலை

கொட்டுவன எல்லாம் பெண்களே. கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு நாளடைவில் மாறி அமைந்தது. ஆகவே ஆண் தேனீக்கு அது இல்லை. வேலைக்காரத் தேனீயின் கொடுக்கில் தூண்டில் முள்ளைப் போலப் பின்னோக்கிய முட்கள் உண்டு. வேறொரு பூச்சியைக் குத்தினால் உருவிக்கொள்ள முடியும். மனிதத் தோல் நெகிழும் தன்மையது. முட்கள் அதில் மாட்டிக்கொள்கின்றன. தேனீ விலகிப் பறக்கையில் கொடுக்கும், நச்சுப்பையும், அவற்றை இயக்கும் தசைகளும், நரம்புக் கணு ஒன்றும் வயிற்றிலிருந்து பிய்ந்து நம்மிடமே தங்கிவிடுகின்றன. தேனீ சாகிறது. பிய்ந்த உறுப்போ சாகவில்லை. தன் நரம்புக் கணுவின் ஆணையில் தசைகள் அசைய அசைய, கொடுக்கு ஆழமாக இறங்குகிறது. நஞ்சும் உள்ளே செலுத்தப்படுகிறது. நுண்ணோக்கியின் அடியில் இது துடிப்பதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

எவ்வளவு விரைவில் நஞ்சு இறங்குகிறது? 1994இல் ஷூமாக்கர் முதலானோர் அளந்து பார்த்தனர். பையில் உள்ள நஞ்சில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு 20 வினாடிக்குள் இறங்கிவிடுகிறது. ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆகவே கொடுக்கை எடுப்பது என்றால் அந்த நொடியிலேயே எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு தவறான பாடத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். “கொடுக்கைக் கிள்ளி எடுக்காதே, பை நசுங்கி நஞ்சு உள்ளே போய்விடும், கத்தியின் முதுகாலோ அட்டையின் விளிம்பாலோ வழித்தே எடுக்க வேண்டும்” என்று முதலுதவிப் புத்தகங்கள் நெடுங்காலம் எழுதி வந்தன. 1996இல் விஷர், வெட்டர், கமஸீன் என்ற மூன்று ஆய்வாளர்கள் தேனீக்களைக் கொண்டு தம்மையே கொட்டவிட்டுச் சோதித்து, ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டனர். கிள்ளி எடுத்தாலும் வழித்து எடுத்தாலும் தடிப்பின் அளவில் வேறுபாடு இல்லை. எடுக்கத் தாமதித்த ஒவ்வொரு சில வினாடிக்கும் தடிப்பு பெரிதாயிற்று. ஆக, அட்டை தேடிக்கொண்டிருப்பவன் நஞ்சுக்கு உதவி செய்கிறான். நகத்தால் சுரண்டுங்கள், கிள்ளுங்கள், துணியால் தேய்த்துத் தள்ளுங்கள். எதுவாயினும் உடனே செய்யுங்கள். அன்று நாங்கள் பொருளாதார நண்பரின் கன்னத்தில் நின்ற கொடுக்குகளின் மேலேயே சுண்ணாம்பைப் பூசினோம் என்பதை வெட்கத்துடன் குறிப்பிடுகிறேன்.

இன்னொன்று. கொடுக்கு பிய்ந்த இடத்திலிருந்து ஒரு மணம் எழும். முகர்ந்தால் வாழைப்பழ மணம் போலிருக்கும். ஐசோபென்டைல் அசிடேட் என்னும் இப்பொருள் மற்றத் தேனீக்களுக்கு, ‘பகைவன் இங்கே இருக்கிறான், வாருங்கள்’ என்ற அறிவிப்பு. 1962இல் இதைக் கண்டறிந்தனர். ஒன்று கொட்டிய இடத்திலேயே பத்து வந்து கொட்டுவதற்கு இதுவே காரணம். கொட்டு வாங்கியவர் முதலில் அவ்விடத்தை விட்டு ஓட வேண்டும். கொடுக்கை ஓடிக்கொண்டே எடுக்கலாம்.

நஞ்சும் சுண்ணாம்பும்

அமிலம், காரம் பற்றிப் பள்ளியில் பாடம் நடத்தும்போது, தேனீயின் நஞ்சு அமிலம், ஆகவே சமையல் சோடா போடு. குளவியின் நஞ்சு காரம், ஆகவே வினிகர் தடவு என்று சொல்லித் தந்தார்கள். கேட்க அழகாக இருந்தது. பாட்டியின் சுண்ணாம்பும் இதே கணக்குத்தான். ஆனால் தேனீ நஞ்சு அமிலத் தன்மை உடையது என்பது உண்மையாயினும், நம்மை வருத்துவது அந்த அமிலம் அன்று. தேனீ நஞ்சை ஃபார்மிக் அமிலம் என்று இன்றும் சிலர் எழுதுகின்றனர். அது எறும்புக்கு உரியது, எறும்பின் இலத்தீன் பெயரிலிருந்தே வந்த பெயர்.

தேனீ நஞ்சின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதி மெலிட்டின் என்ற பொருள். 26 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. செல்களின் சவ்வைத் துளைத்து உடைப்பதும், எரியும் வலியைத் தருவதும் இதுவே. பாஸ்போலிப்பேஸ் என்ற நொதியும் சவ்வை அரிக்கிறது. ஒவ்வாமைக்கு முதன்மையான காரணமும் அதுதான். ஹையலுரானிடேஸ் என்ற இன்னொரு நொதி திசுக்களின் இடையே உள்ள பசையைக் கரைத்து நஞ்சு பரவ வழி செய்கிறது. இவையெல்லாம் தோலின் உள்ளே சென்று சேர்ந்துவிட்டன. மேலே பூசிய சுண்ணாம்பு அவற்றைத் தொடவே முடியாது. சுண்ணாம்பு தோலைப் பொத்துப் போகச் செய்யும், மண்ணெண்ணெயும் எரிச்சலூட்டும். பாட்டியின் அன்பை நான் குறை சொல்லவில்லை. அந்த அன்பில் பத்து நிமிடம் கழிந்து போனதைத்தான் சொல்கிறேன்.

சாதாரணக் கொட்டுக்குச் செய்ய வேண்டியது எளிது. கொடுக்கை எடுத்தபின் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை விட்டு விட்டு வைக்கலாம்; பனிக்கட்டி இல்லையேல் குளிர்ந்த நீரில் நனைத்த துணி போதும். கையில் கொட்டியிருந்தால் வீங்குமுன் மோதிரம், வளையலைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால் பின்னர் தட்டானிடம் போய் அறுக்க நேரும். வலிக்குப் பாராசிட்டமால், அரிப்புக்குச் செட்ரிசின் போன்ற மாத்திரை. சொறிந்து புண்ணாக்கக் கூடாது.

எதை எதிர்பார்க்கலாம்? எதற்கு அஞ்ச வேண்டும்?

கொட்டிய இடத்தில் சுரீரென்று வலி, சிவப்பு, நடுவில் வெளுத்த தடிப்பு. சில மணி நேரத்தில் வலி குறையும். ஓரிரு நாளில் வீக்கம் வடியும். பெரும்பாலோர்க்கு இவ்வளவுதான்.

சிலருக்கு வீக்கம் பெரிதாகும். விரலில் கொட்டினால் முழங்கை வரை ஏறும். புருவத்தில் கொட்டினால் இரண்டு கண்ணும் மூடிக்கொள்ளும். இரண்டாம் நாள் முதல்நாளைவிட மோசமாக இருக்கும். ஒரு வாரம்கூட நீடிக்கும். சீழ் பிடித்துவிட்டது என்று எண்ணி நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கேட்பார் பலர். பெரும்பாலும் அது தேவையற்றது. பார்க்கப் பயமாயிருந்தாலும் இது உயிருக்கு ஆபத்தானதன்று. ஆனால் வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டியிருந்தால் கதை வேறு. பதநீரிலோ இனிப்புப் பானத்திலோ விழுந்திருந்த தேனீயைச் சேர்த்துக் குடித்தவர்களுக்கு இது நேரும். அங்கே சாதாரண வீக்கமே மூச்சுப் பாதையை அடைத்துவிடும். பனிக்கட்டியைச் சப்பக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கருவிழியில் கொட்டினாலும் கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும். நாமே முள்ளை நோண்டக் கூடாது.

மூன்றாவது வகையே கொல்வது. அதை அடையாளம் காண ஒரு கேள்வி போதும்: கொட்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் ஏதாவது நடக்கிறதா?

கொட்டியது பிடரியில், அரிப்பதோ உள்ளங்கையில். என் நண்பர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் முழு நோயும் இருந்தது. உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு, உடல் முழுவதும் தடிப்புத் தடிப்பாகக் காணாக்கடி கண்டது போல் எழும்புதல், உதடு, நாக்கு, கண்ணிமை வீங்குதல், தொண்டை கட்டி குரல் மாறுதல், இருமல், இழுப்பு, வாந்தி, வயிற்றைப் பிசையும் வலி, பேதி, தலைசுற்றல், வெளிறிப்போதல், மயக்கம். இவை எல்லாம் வரவேண்டும் என்பதில்லை. சிலருக்குத் தோலில் ஒன்றும் தெரியாமல் நேரே இரத்த அழுத்தம் விழுந்துவிடும். ‘எனக்கு என்னவோ செய்கிறது, செத்துப்போய்விடுவேன் போலிருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், அதையும் ஓர் அறிகுறியாகவே மருத்துவ நூல்கள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

அச்சத்தினாலும் மயக்கம் வருவதுண்டு. அது படுத்த சில நிமிடங்களில் தெளியும். தடிப்போ இழுப்போ இராது. ஐயம் இருந்தால் ஒவ்வாமை என்றே கொள்வது நல்லது. பெருங்கூச்சல் போடுபவரைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. ஓரமாகப் போய்ப் பேசாமல் உட்கார்ந்தவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்நிலைக்கு அனாபிலாக்சிஸ் என்று பெயர். இப்பெயர் பிறந்த கதை சுவையானது. 1901இல் மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆராய்ச்சிக் கப்பலில் போர்ட்டியே, ரிஷே என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் கடல் உயிரிகளின் நஞ்சை ஆராய்ந்தனர். பாரிஸ் திரும்பியபின் கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு செலுத்திப் பழக்கினால் அவற்றிற்குக் காப்பு உண்டாகும் என்று எதிர்பார்த்தனர். முதல் முறை பிழைத்த நாய்க்குச் சில வாரம் கழித்து மிகச் சிறு அளவு மறுபடி கொடுத்தபோது, காப்பு உண்டாவதற்கு மாறாக நாய் விரைவிலேயே மாண்டது. காப்புக்கு எதிரானது என்னும் பொருளில் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 1902இல் இப்பெயரை அமைத்தனர். 1913இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே நஞ்சின் அளவு இங்கே பொருட்டன்று. முன்பு எப்போதோ கொட்டியபோது சிலர் உடலில் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உண்டாகி, தோலிலும் மூச்சுக்குழலிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அடுத்த கொட்டில் நஞ்சு வந்து அதைத் தொட்டதும் அச்செல்கள் தம்மிடமுள்ள ஹிஸ்டமின் முதலியவற்றை ஒரே நேரத்தில் கொட்டிவிடுகின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, ஒழுகுகின்றன, மூச்சுக்குழல் சுருங்குகிறது. எங்கள் நண்பருக்கு இரண்டாண்டுக்கு முன் தோட்டத்தில் தேனீ கொட்டியதுண்டாம். கை வீங்கியதைத் தவிர அப்போது ஒன்றும் ஆகவில்லையாம். ‘முன்பும் கொட்டியிருக்கிறது, எனக்கு ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சை நம்பக் கூடாது என்பதற்கு இது சான்று.

நேரம் மிகக் குறைவு. இத்தகைய மரணங்களை இங்கிலாந்தில் தொகுத்து ஆராய்ந்த பம்ஃபிரி என்ற மருத்துவர் 2000இல் எழுதியதன்படி, பூச்சி கொட்டி இறந்தவர்களுக்குக் கொட்டியதிலிருந்து மூச்சோ இதயமோ நின்றுபோக ஆன நேரம் நடுத்தரமாக 15 நிமிடம்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் உதவக்கூடிய மருந்து ஒன்றே: அட்ரினலின். 1901இல் ஜப்பானியரான தகாமினே பிரித்தெடுத்த இயக்குநீர் அது. விரிந்த குழாயைச் சுருக்கி, சுருங்கிய மூச்சுக்குழலை விரித்து, இதயத்தையும் முடுக்குகிறது. பெரியவர்க்கு 0.5 மில்லிகிராம், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குக் கரைசலில் அரை மி.லி., தொடையின் வெளிப்புறத் தசையில் ஊசியாகப் போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் குணம் தெரியாவிட்டால் மீண்டும் போடுவார்கள். கையிலோ இடுப்பிலோ போடுவதைவிடத் தொடையில் போட்டால் விரைவில் இரத்தத்தில் சேர்கிறது. நம் ஊரில் ‘அவில் ஊசி போட்டாச்சு’ என்றால் வைத்தியம் முடிந்தது என்று எண்ணும் வழக்கம் இருக்கிறது. அவில் போன்ற மருந்துகள் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். விழுந்த இரத்த அழுத்தத்தை நிமிர்த்தா. அவை இரண்டாவதாக வரவேண்டியவை.

மருந்து வரும்வரை நாம் செய்ய வேண்டியது என்ன? 108க்கு அழைப்பது. அருகில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால், எந்த வண்டி கிடைக்கிறதோ அதில் படுத்த நிலையிலேயே கொண்டுபோவது. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வைக்க வேண்டும். வாந்தி எடுப்பவரையும் நினைவற்றவரையும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், கர்ப்பிணிகளை இடப்பக்கமாக. மூச்சு வாங்குபவர் சாய்ந்து உட்காரலாம், ஆனால் காலை நீட்டியபடி. எழுந்து நிற்கவோ நடக்கவோ கூடவே கூடாது. அழுத்தம் விழுந்திருக்கும் நிலையில் சட்டென்று நிமிர்த்தினால் இதயத்துக்கு இரத்தம் திரும்பாமல் அங்கேயே நின்றுபோகலாம். நாங்கள் அவரை இரு சக்கர வண்டியில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு போனோம். இதை அந்த மருத்துவரிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

குணமானதும் வீட்டிற்கு ஓடிவரக் கூடாது. சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்ப வருவதுண்டு. இரத்த அழுத்தத்திற்கோ இதயத்திற்கோ மாத்திரை சாப்பிடுபவராயின் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அவற்றுள் சில அட்ரினலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும்.

கூட்டமாகக் கொட்டினால்

ஒவ்வாமை இல்லாதவரையும் நஞ்சின் அளவே கொல்லும் நிலை ஒன்று உண்டு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 19 கொட்டு என்பது பாதிப்பேரைக் கொல்லக்கூடிய அளவு என மதிப்பிடுவர். குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் அதைவிடக் குறைவே போதும். ஐம்பதைத் தாண்டினாலே மருத்துவமனையில் இருப்பதுதான் முறை. முதல் நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். உள்ளே தசையும் இரத்த அணுக்களும் சிதைந்து, அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கும். சிறுநீர் தேநீர் நிறமாவதும் அளவு குறைவதும் அபாய அறிகுறிகள். கதண்டு கொட்டியதில் இது இன்னும் எளிதில் நேர்கிறது. பாம்புக்கடிக்கு இருப்பது போன்ற நஞ்சு முறிப்பு மருந்து இதற்கு நம் மருத்துவமனைகளில் இல்லை. சிறுநீரகம் தேறும்வரை இரத்தச் சுத்திகரிப்புச் செய்து காப்பாற்றுகிறார்கள்.

கூட்டம் கலைந்து வந்தால் நேராக ஓட வேண்டும். கையை வீசி விரட்டக் கூடாது. கரிய நிறமும் நாம் விடும் மூச்சும் அவற்றைச் சினமூட்டும்; முகத்தையும் தலையையும் அவை தேடி வருவது இதனால்தான். சட்டையையோ துண்டையோ தலைமேல் போர்த்துக்கொண்டு ஓடி, ஒரு வீட்டுக்குள்ளோ பேருந்துக்குள்ளோ புகுந்து கதவை அடைத்துவிட வேண்டும். கிணற்றிலோ குளத்திலோ குதித்தால் நாம் மூச்சுவிடத் தலை தூக்கும்வரை அவை மேலேயே காத்திருக்கும். நீச்சல் தெரியாதவருக்கு நேரும் ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

புகை தேனீயை அடக்கும் என்பார்களே என்று கேட்கலாம். தேன் எடுப்பவர்கள் காட்டுவது குளிர்ந்த, மெல்லிய புகை. அது வாழைப்பழ மண அறிவிப்பை மறைத்துவிடும். தேனீக்களும் தேனைக் குடித்து வயிறு நிரப்புவதில் ஈடுபடும். நாங்கள் காட்டியதோ முள்ளுத் தீயின் அனலோடு வந்த புகை. இவ்வாண்டு முகாமுக்குப் போனபோது முதல் நாளிலேயே மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சுற்றினோம். இரு கூடுகளைக் கண்டோம். அப்பக்கமே வேலை வைத்துக்கொள்ளவில்லை.

இயற்பியல் நண்பரும் எங்களோடு வந்திருந்தார். ஒவ்வாமைக்கு மருத்துவம் இல்லாமல் இல்லை. தேனீ நஞ்சையே மிகச் சிறிய அளவில் தொடங்கி, சில ஆண்டுகள் தொடர்ந்து ஊசியாகக் கொடுத்து உடலைப் பழக்குவது அது. முன்பு பூச்சியின் முழு உடலையும் அரைத்து வடித்த சாற்றைக் கொடுத்து வந்தார்கள். 1978இல் ஹன்ட் என்பவரும் அவர் குழுவினரும் ஒப்பிட்டுப் பார்த்ததில், அந்தச் சாறு வெறும் மருந்தில்லா ஊசிக்கு ஒப்பானது என்றும், தூய நஞ்சு கொடுக்கப்பட்டவர்களே காக்கப்பட்டனர் என்றும் தெரிந்தது. நண்பர் அம்மருத்துவத்தைப் பற்றி ஒவ்வாமை மருத்துவர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதுவரை, அட்ரினலின் குப்பி இரண்டும் ஊசியும் அடங்கிய சிறு பெட்டி எப்போதும் அவர் பையில் இருக்கிறது. அரை மி.லி. எவ்வளவு என்று ஊசிக் குழலில் கோடு போட்டுக் காட்டி, தொடையில் எந்த இடத்தில் குத்த வேண்டும் என்பதை அந்த மருத்துவர் அவருக்கும், விடுதியில் அவரோடு ஒரே அறையில் இருக்கும் எனக்கும் கற்றுக் கொடுத்திருக்கிறார். ஆரஞ்சுப் பழத்தில் தண்ணீரை ஏற்றிப் பழகினோம். குப்பியின் காலாவதித் தேதியை மாதம் ஒருமுறை பார்ப்பது என் பொறுப்பு.